ஜெயித்தவர் போட்ட மேல்முறையீடு

ஈரோட்டில் எங்கள் அலுவலகத்தில் மனிதப் பிறவி நான் ஒருத்திதான். வாகன விபத்து நடந்தால் யார் மேல் தப்பு என்பதைத் தராசு சொல்லிவிடும். தராசு என்பது காப்பீட்டு நிறுவனத்தின் இயந்திரம். அதற்கு உடம்பு கிடையாது, ஒரு குரலும் படம் காட்ட ஒரு வெள்ளைச் சுவரும்தான். அதன் தீர்ப்பு பிடிக்காதவர்கள் மேல்முறையீட்டுக்கு வந்தால், கேட்பதற்கு ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதும்போது எந்தப் புண்ணியவானோ ஒரு வரி சேர்த்துவிட்டார். அந்த ஒரு வரிதான் எனக்குச் சோறு போடுகிறது.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பல்லவிதான் பாடுவார்கள். 'நான் சும்மாதான் நின்னேன், அந்தாளுதான் வந்து இடிச்சான்.' கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. அதனால்தான் ஹரிணி வந்த அன்று எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

ஹரிணி, வர்ஷினி என்று பெயர் இருந்தால் ஐம்பதைத் தாண்டியவர் என்று இப்போது குழந்தைக்குக்கூடத் தெரியும். சின்னவர்களுக்கு நாச்சிமுத்து, பாவாயி என்று வைப்பதுதான் இந்தக் காலத்து நாகரிகம். இந்த ஹரிணிக்கும் ஐம்பத்தைந்து இருக்கும். பருத்திச் சேலை, கையில் ஒரு பை நிறைய முறுக்கு. பையை என் மேசையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாத்தானே வந்திருக்கு?" என்றேன். "எதிர்த் தரப்பு கௌசிக் மேல முழுத் தப்பும். உங்க மேல ஒண்ணுமே இல்ல. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"அதைத்தானுங்க மேடம் மாத்தோணும்."

"எதை?"

"தப்ப எம்பேர்ல போடோணுமுங்க."

நான் மதுரைக்காரி. எங்கள் ஊரில் தப்பைத் தள்ளிவிட ஆள் தேடுவார்கள், வாங்கிக்கொள்ள யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

"அவரு எங்க சம்பந்தீங்க," என்று ஆரம்பித்தார். "எம்பட பையன் நாச்சிமுத்துக்கும் அவரு புள்ள பாவாயிக்கும் கல்யாணம் பேசியிருக்குதுங்க. நிச்சயத்துக்கு உப்பும் சர்க்கரையும் எடுத்துட்டு நாங்க சென்னிமலைக்குப் போனோம். வண்டிய நாந்தான் ஓட்டுனேன். அவரு எங்கள எதிர்கொண்டு கூட்டிட்டுப் போறதுக்கு நாலுரோட்டுக்கே வந்துட்டாருங்க. விருந்தாளி மொதல்ல போகட்டும்னு அவரு நிறுத்தினாரு. வழி காட்டறவரு மொதல்ல போகட்டும்னு நானும் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கையக் காட்டீட்டே இருந்தோம். பொறகு ரெண்டு பேரும் ஒரே சமயத்துல எடுத்துட்டோமுங்க."

"அடி பலமா?"

"வண்டி மூஞ்சிதானுங்க நசுங்குச்சு. சர்க்கரை எல்லாருத்து மேலயும் கொட்டீருச்சு. நல்ல சகுனம்னு அங்கயே நிச்சயத்த முடிச்சுட்டோம்."

இதில் எங்கே வழக்கு வந்தது என்றால், அந்த இரண்டும் கையோட்டு வண்டிகள். சாலையில் ஓடுவதெல்லாம் தானே ஓடும் வண்டிகளாகி, சிக்னல் கம்பங்களைக்கூடப் பிடுங்கிப் பல வருஷமாகிவிட்டது. கையால் ஓட்ட ஆசைப்படும் சிலருக்கு மட்டும் அனுமதி உண்டு. ஒரே ஒரு விபத்தில் தப்பு அவர்கள் மேல் என்று ஆனாலும் அந்த அனுமதி போய்விடும், திரும்பக் கிடைக்கவே கிடைக்காது.

"கௌசிக்தானே மேல்முறையீடு பண்ணணும்? நீங்க ஏன் வந்தீங்க?"

"அவரு பண்ண மாட்டேங்கறாருங்க. பண்ணுனா என்னையக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிருமாமா. சம்பந்திய எதிர்த்து மனுப் போட்டுட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பந்தியில நிப்பேன்னு கேக்கறாரு. செரி, அவரு பண்ணலீன்னா நான் பண்றேன்னு வந்துட்டனுங்க."

ஜெயித்தவர் மேல்முறையீடு செய்யக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. இப்படி ஒரு ஆள் வருவார் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. அடுத்த வாரம் இரண்டு தரப்பையும் வரச் சொன்னேன்.

விசாரணை நாளில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். கௌசிக் வெள்ளை வேட்டி சட்டையில், மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, ஆனால் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கூச்சத்தோடு நின்றார். என் அறைக் கதவு அகலம் குறைந்தது.

"உள்ள போங்க சம்பந்தியம்மா."

"நீங்க போங்கண்ணா. பெரியவங்க."

"அட, நீங்க போங்க. எங்க மாப்பிள்ளையப் பெத்தவங்க."

"பொண்ணக் குடுக்கறவங்களுங்க நீங்க. போங்க."

நான் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் இருவரும் அசையவில்லை. பிறகு இருவரும் ஒன்றாக உள்ளே நுழைந்து, நிலைப்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள். விபத்து எப்படி நடந்திருக்கும் என்று எனக்குக் கண்ணெதிரே தெரிந்துவிட்டது.

"தப்பு எம்பேர்லதானுங்க மேடம்," என்றார் கௌசிக், உட்காரும் முன்பே. "அந்தத் தீர்ப்ப அப்படியே உட்டுருங்க. எதுக்குங்க வீணா அலைச்சல்?"

"அப்படி விட்டா உங்க அனுமதி போயிடும். தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

அதோடு நிறுத்திக்கொண்டிருப்பார். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "வண்டி ஓட்டாட்டி என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கேட்டேன்.

அவர் வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். "ஒண்ணும் கொறையாதுங்க. எம்பட புள்ள பொறந்தப்ப ஆஸ்பத்திரில இருந்து ஊட்டுக்கு நாந்தான் ஓட்டீட்டு வந்தனுங்க. அன்னைக்குப் பூரா மாட்டு வண்டி வேகந்தான். பின்னாடி வந்தவனெல்லாம் வஞ்சுட்டே போனான். கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துக்கும் நானே ஓட்டீட்டுப் போயி எறக்கி உடறேன்னு அவகிட்டச் சொல்லியிருந்தேன். மெஷின் வண்டில ஏத்தி உட்டா பார்சல் போட்டு உட்ட மாதிரி இருக்குமுங்க. அவ்வளவுதான். பரவாயில்லீங்க."

பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் குரல் அப்படி இருக்காது. எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

"கேட்டீங்களா மேடம்," என்றார் ஹரிணி. "இதுக்குத்தானுங்க நான் வந்தது. எனக்கு வண்டி ஓட்டாட்டிப் போகுது."

"பொய்யுங்க," என்றார் கௌசிக். "பழனிக்கும் பவானிக்கும் இவங்களேதான் ஓட்டீட்டுப் போவாங்களாமா. மாப்பிள்ளை சொன்னாரு. ஸ்டியரிங்கப் புடிக்காட்டி இவங்களுக்குத் தூக்கம் வராதாமா."

இப்படியே விட்டால் சாயங்காலம் வரை ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டே இருப்பார்கள் என்று தோன்றியது. "தராசு," என்று கூப்பிட்டேன். "நீ எப்படித் தீர்ப்பு சொன்னேன்னு இவங்களுக்கு விளங்கற மாதிரி சொல்லு."

"விபத்தை மறுபடி மறுபடி நடத்திப் பார்ப்பேன்," என்றது தராசு, தூய தமிழில். "ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுவேன். எதை மாற்றினால் விபத்து அதிகம் தவிர்க்கப்படுகிறதோ அதுவே தவறு. பாதிக்கு மேல் ஒரு நூல் சாய்ந்தாலும் முழுத் தவறும் அந்தத் தட்டுக்குப் போகும்."

"நான் எடுக்காம நின்னிருந்தா?" என்றார் ஹரிணி.

சுவரில் நாலுரோடு தெரிந்தது. சுவரில் இருந்த ஹரிணி நின்றார். கௌசிக் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இடிக்கவில்லை.

"பாத்தீங்களா. எம்பட தப்புத்தான்."

"நான் நின்னிருந்தா என்னாகுமுன்னு போடச் சொல்லுங்க," என்றார் கௌசிக். அதையும் போட்டது. அவர் நின்றார், ஹரிணி போனார், இடிக்கவில்லை. "பாத்துக்குங்க. எம்பட தப்புங்க."

"கௌசிக் வண்டி கண் இமைக்கும் நேரம் முந்தி நகர்ந்தது," என்றது தராசு. "ஆகவே அவர் தட்டு ஒரு நூல் தாழ்கிறது."

ஒரு நூல். அந்த ஒரு நூலுக்காக ஒரு மனுஷர் தன் பெண்ணை ஓட்டிக்கொண்டு போக முடியாது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கணக்கில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. சும்மா கேட்டு வைத்தேன். "ரெண்டு வண்டியுமே நகராம இருந்திருந்தா?"

தராசு அந்தப் படத்தை ஓட்டியது. இரண்டு வண்டிகளும் எதிரெதிரே நின்றன. உள்ளே இருந்தவர்கள் கையைக் காட்டினார்கள், சிரித்தார்கள், மறுபடி கையைக் காட்டினார்கள். பின்னால் தானே ஓடும் வண்டிகள் வரிசை கட்டின. ஒரு வெள்ளாடு வந்து ஹரிணியின் வண்டி நிழலில் படுத்து அசைபோட்டது. நிழல் நீண்டுகொண்டே போனது, ஆடு எழுந்து வீட்டுக்குப் போனது, இவர்கள் இருவரும் இன்னும் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாலை வரை ஓட்டிப் பார்த்தேன்," என்றது தராசு. "விபத்து இல்லை. பயணமும் இல்லை."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்களும் சிரித்தார்கள். "நாங்க அப்படித்தானுங்க," என்றார் ஹரிணி, கொஞ்சம் பெருமையாகவே.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. ஆடு வீட்டுக்குப் போகும் வரை நிற்கக்கூடிய இரண்டு பேர், அன்றைக்கு ஏன் நிற்கவில்லை? அதுவும் இருவரும் ஒரே நொடியில் எப்படிக் கிளம்பினார்கள்?

"கௌசிக், அன்னிக்கு நீங்க ஏன் வண்டிய எடுத்தீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதச் சொன்னா சாக்குச் சொல்ற மாதிரி இருக்குமுங்க."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"வண்டில இருக்கற குரல் பெட்டி சொல்லுச்சுங்க. 'எதிரில் இருப்பவர் நிற்பார், நீங்கள் செல்லலாம்'னு. செரின்னு எடுத்தேன். சொன்னது அது, மிதிச்சது எம்பட காலுதானுங்களே? அதும்பேர்ல பழி போடறது நாயமில்லீங்க."

கையோட்டு வண்டிகள் எல்லாவற்றிலும் அந்தக் குரல் பெட்டி இருக்கும். அது இல்லாமல் காப்பீடு கிடைக்காது. நான் ஹரிணியைப் பார்த்தேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அதேதானுங்களே சொல்லுச்சு," என்றார் மெல்ல. "அண்ணன் நிப்பாரு, நீங்க போங்கன்னு. அதச் சொன்னா அண்ணன் நிக்கலீன்னு குத்தம் சொன்ன மாதிரி ஆயிருமேன்னு நான் வாயத் தொறக்கல."

இரண்டு பேரும் மரியாதைக்காகவே மறைத்த ஒரே விஷயம். நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். "தராசு, அந்தக் குரல் யாரோடது?"

"என்னுடையது."

"ரெண்டு வண்டியிலயுமா?"

"எல்லா வண்டியிலும்."

"ரெண்டு பேர்கிட்டயும் ஒரே நேரத்துல ஏன் போகச் சொன்னே?"

"கௌசிக் எப்போதும் வழிவிடுபவர். பல வருடப் பழக்கம். ஆகவே அவர் நிற்பார் என்று ஹரிணியிடம் சொன்னேன். ஹரிணியும் எப்போதும் வழிவிடுபவர். ஆகவே அவர் நிற்பார் என்று கௌசிக்கிடம் சொன்னேன். இரண்டும் சரியான கணிப்புகள். ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லும்போது கணக்கில் எடுக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி."

"இத்தனை படம் ஓட்டினியே. நீ பேசாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு ஓட்டிப் பாத்தியா?"

தராசு சுவரில் இருந்த படத்தை அணைத்தது. "வண்டிகளை மாற்றிப் பார்த்தேன். சாலையை, வெயிலை, சர்க்கரைப் பையின் எடையை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். என் சொல்லை மாற்றிப் பார்க்கும்படி எவரும் கேட்டதில்லை."

உலகத்தில் அத்தனையையும் மாற்றிப் பார்த்த இயந்திரம், தன்னை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. மனிதர்களான எங்களிடமிருந்துதான் அதைக் கற்றுக்கொண்டிருக்கும்.

"இப்ப ஓட்டு," என்றேன்.

சுவரில் இரண்டு வண்டிகளும் வந்து நின்றன. குரல் இல்லை. கையைக் காட்டினார்கள், சிரித்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கௌசிக் இறங்கி வந்து ஹரிணியின் ஜன்னலில் குனிந்தார். ஹரிணியும் இறங்கினார். ரோட்டில் நின்று பேச்சு நடந்தது. கடைசியில் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு, நிச்சயத் தட்டுகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் சேர்ந்து கௌசிக் வீட்டுக்கு நடந்தே போனார்கள். சர்க்கரை கொட்டவில்லை.

"எத்தனை முறை ஓட்டினாலும் விபத்து நடக்கவில்லை," என்றது தராசு. "முழுத் தவறும் என் தட்டில் சாய்கிறது. தவறு செய்தவர் சாலைக்கான அனுமதியை இழக்க வேண்டும். இனி என் குரல் எந்த வண்டியிலும் ஒலிக்கக் கூடாது."

நான் மேசையைத் தட்டித் தீர்ப்பைச் சொல்லியிருக்க வேண்டும். கௌசிக்கின் அனுமதி பிழைத்தது, ஹரிணியின் அனுமதியும் பிழைத்தது. இருவரும் துள்ளிக் குதிப்பார்கள் என்று திரும்பினால், இரண்டு முகங்களும் வாடிக்கிடந்தன.

"பாவமுங்க மேடம்," என்றார் கௌசிக். "நல்லதுன்னு நெனச்சுச் சொல்லியிருக்குது. அதப் போயி ஊமையாக்கறதுங்களா?"

"எம்பட அம்மாவுக்குக் கண்ணு மங்குன காலத்துல அதுதானுங்க பக்கத்துல இருந்து வழி சொல்லுச்சு," என்றார் ஹரிணி. "அதும்பேர்ல போட வேண்டாமுங்க. பேசாம எம்பேர்லயே போட்டுருங்க."

"இவங்க பேர்ல எதுக்குங்க? எம்பேர்ல இருக்கட்டும், முன்னாடி இருந்த மாதிரியே."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து எல்லாரும் உதறித் தள்ளிய தப்பை மூன்று பேர் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருவர் மனிதர்கூட இல்லை. இப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சம்பளம் இல்லாமலே வேலைக்கு வந்திருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தீர்ப்பு இதுதான். தப்பு தராசு மேல். ஆனால் குரல் இருக்கலாம். எதிரெதிரே இரண்டு கையோட்டு வண்டிகள் நின்றால், ஒரு பெட்டி சொல்வதை இன்னொரு பெட்டி கேட்டுக்கொண்ட பிறகுதான் பேச வேண்டும். நிறுவனத்தின் விதி அந்த இடத்தில் செல்லாது.

"இன்னொண்ணு," என்றேன். "முதல்ல கொஞ்சம் மரியாதை கத்துக்க. கணக்குப் போட்டுட்டா மட்டும் ஆயிடாது."

"யாரிடம் கற்பது?" என்றது தராசு.

"எங்ககூட ரெண்டு வாரம் வந்துட்டுப் போகட்டுமுங்க," என்றார் ஹரிணி. "தானா வந்துரும்." போகும்போது இருவரும் கதவருகே மறுபடி நின்றார்கள். நான் எழுந்து போய் ஹரிணியின் தோளைப் பிடித்து முதலில் வெளியே தள்ளினேன்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். காலை முகூர்த்தம். ஈரோட்டிலிருந்து தானே ஓடும் டாக்சியில் கிளம்பினேன். சென்னிமலை நாலுரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் டாக்சி நின்றுவிட்டது. எனக்கு முன்னால் நீளமாக ஒரு வரிசை. "முன்னே இரண்டு கையோட்டு வண்டிகள்," என்றது டாக்சி. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இறங்கி நடந்தேன்.

மண்டபம் நாலுரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு பக்கம் கௌசிக்கின் வண்டி, மல்லிகைச் சரம் கட்டி, பின் சீட்டில் மணப்பெண் பாவாயியோடு நின்றது. எதிரே ஹரிணியின் வண்டி, பட்டு வேட்டியில் நாச்சிமுத்துவோடு. கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். இரண்டு சம்பந்திகளும் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை மொதல்ல போகோணுமுங்க."

"பொண்ணுதானுங்க மொதல்ல. மகாலட்சுமி."

மண்டபத்து வாசலிலிருந்து நாதஸ்வரக்காரர் எட்டிப் பார்த்தார். யாரோ நேரமாகிறது என்று கத்தினார்கள். எனக்குப் பதற்றமாகத்தான் இருந்தது, ஆனாலும் தலையிடவில்லை. என் அலுவலகத்துக்கு வெளியே எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது.

பாவாயி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். பட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேரே எதிர் வண்டிக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். "நாச்சி, எறங்கு. இவங்க ரெண்டு பேரும் இன்னைக்கு முடிக்க மாட்டாங்க."

நாச்சிமுத்து இறங்கினான். இருவரும் நடுரோட்டில் கை கோத்துக்கொண்டு மண்டபத்தைப் பார்த்து நடந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள்.

கௌசிக் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் கொள்ளாத சிரிப்பு. "பாத்தீங்களா மேடம்," என்றார் என்னிடம். "பார்சல்னு சொன்னேன். அது தானா எறங்கி நடந்து போகுதுங்க."

"நீங்கதான இவ்வளவு தூரம் ஓட்டீட்டு வந்தீங்கண்ணா," என்றார் பக்கத்தில் வந்து நின்ற ஹரிணி. "மாட்டு வண்டி வேகத்துல வந்தீங்களாமா?"

"அதவிட மெதுவாத்தானுங்க வந்தேன்."

அப்புறம்தான் இருவருக்கும் முகூர்த்தம் நினைவுக்கு வந்தது. வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு, ஒருவர் வேட்டியையும் ஒருவர் சேலையையும் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடினார்கள். இருவரும் சமமாகத்தான் ஓடினார்கள், யாரும் யாரையும் முந்தவில்லை.

நானும் கிளம்பினேன். அப்போது பின்னால் பேச்சுக் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஆளில்லாத இரண்டு வண்டிகளும் கதவு திறந்தபடி எதிரெதிரே நின்றன. கௌசிக்கின் வண்டிப் பெட்டியிலிருந்து தராசின் குரல் வந்தது.

"நீங்க மொதல்ல போங்க."

ஹரிணியின் வண்டிப் பெட்டி கொஞ்சம் பொறுத்துப் பதில் சொன்னது. அதுவும் தராசின் குரல்தான்.

"அட, இல்லீங்க. நீங்க போங்க."